குழந்தைப் பதிவுச் சரிபார்ப்பு இறுக்கப்பட்டது

என் மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது நான் மறுபடி வேலைக்குப் போனேன். தொண்ணூறுகளின் கடைசிப் பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வன்னியில், துணுக்காயில் இருந்தோம். இடம்பெயர்ந்தவர்களின் நிவாரண அட்டைகளைப் பதியும் ஒரு சிறு அலுவலகத்தில் எனக்கு வேலை. மின்சாரம் கிடையாது. காலையில் இரண்டு மணித்தியாலம் ஜெனரேற்றர் ஓடும். கணினியில் செய்ய வேண்டியதையெல்லாம் அதற்குள் முடித்துவிட வேண்டும்.

அட்டைகளுக்கான புரோகிராமை எழுதியவர் வவுனியாவில் இருந்த ஒரு பொறியியலாளர். நாங்கள் அவரைச் சேர் என்போம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சோதனைச் சாவடி கடக்கப் பாஸ் எடுத்து வந்து, திருத்திய பதிப்பை எங்கள் கணினியில் ஏற்றுவார். அப்போதெல்லாம் நிவாரணம் கொடுக்கும் கிளை நிலையங்களுக்கு ஒரு மாற்றக் குறிப்பு அனுப்ப வேண்டும். அதை எழுதுவது என் பொறுப்பு. அவர் சொல்லச் சொல்ல, தாளின் இடப்பக்கத்தில் என்ன மாறியது என்றும், வலப்பக்கத்தில் அது எந்தக் குடும்பங்களைப் பாதிக்கும் என்றும் எழுதுவேன். இடப்பக்கம் பத்து நிமிடத்தில் முடியும். வலப்பக்கத்துக்கு அரை நாள் போய்விடும். கணவன் காணாமற்போனவரின் அட்டைக்கு என்ன நடக்கும், ஒரே கொட்டிலில் இரண்டு குடும்பம் இருந்தால் என்ன நடக்கும் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். "நீங்கள் சட்டத்தரணியாப் போயிருக்க வேணும், தங்கச்சி" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள், விளக்கமில்லாதவள்தான் இத்தனை கேள்வி கேட்பாள் என்று கூசும்.

மகளைப் பக்கத்துக் கொட்டில் அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் போவேன். பதினொரு மணிக்கே பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிடும். என்னுடைய கேள்விகளாலேயே என் பிள்ளை பசியில் அழுகிறது என்றும் தோன்றும்.

அடுத்த முறை வந்தபோது சேர் ஒரு புதுமை கொண்டுவந்தார்.

"இனி நீங்கள் மினக்கெடத் தேவையில்லை. நான் ஒவ்வொண்டா மாத்தேக்க புரோகிராமுக்கையே ஒரு வரி எழுதி வைக்கிறன். கடைசியில கொம்பியூட்டரே எல்லாத்தையும் பொறுக்கி அடிச்சுத் தரும். நீங்கள் தமிழாக்கினாச் சரி."

பிறின்ரர் கரகரவென்று ஒரு தாளைத் தள்ளியது. ஆங்கிலத்தில் ஒன்பது வரிகள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். அலுவலகப் பொறுப்பாளர் அதைப் பிள்ளையை ஏந்துவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார். யாரைப் பாதிக்கும் என்ற பக்கம் அதில் இல்லை என்பதை நான் உடனே கண்டேன். உண்மையைச் சொன்னால், ஆறுதலாகத்தான் இருந்தது. பன்னிரண்டுக்கு முன்னர் வீட்டில் நிற்கலாம்.

ஏழாவது வரி, குழந்தைப் பதிவுச் சரிபார்ப்பு இறுக்கப்பட்டது என்றிருந்தது. எப்படி இறுக்கினார்? பேனை அங்கே கொஞ்ச நேரம் நின்றது. சேர் வெளியே வாகனத்தில் ஏறிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் இறங்கி வந்திருப்பார். பால் கசிந்து என் சட்டை நனைந்துகொண்டிருந்தது. சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்து, காபன் வைத்துப் பிரதி எடுத்து, நிலையங்களுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

பிள்ளைக்கு ஒரு வயது முடியும்வரை தாய்க்கு மாதம் இரண்டு பைக்கற் சத்துமா கொடுப்பார்கள். அடுத்த மாதப் பட்டியலில் என் பெயர் இருந்தது. பிறப்புப் பதிவு எண் இல்லாத பிள்ளைகளின் தாய்மாருடைய பெயர்கள் இருக்கவில்லை. அலுவலகத்தில் எவரும் அதைக் கவனிக்கவில்லை.

மூன்றாவது மாதம் ஒரு பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்து வந்தாள். மலையகத்திலிருந்து வந்து உள்ளே காடு வெட்டிக் குடியேறியவர்களில் ஒருத்தி. பிள்ளை கொட்டிலில் பிறந்தது. தகப்பனுக்கே பதிவு இல்லை, பிள்ளைக்கு யார் பதிவது? கொம்பியூட்டரில் பெயர் இல்லை என்று நிலையத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"எம் புள்ள செத்துப்போச்சுன்னு எழுதிட்டீங்களாக்கா?" என்று என்னிடம் கேட்டாள். குரல் உயரவேயில்லை.

பிள்ளைக்குப் பதினொரு மாதம், என் மகளைவிட இரண்டு மாதம் மூத்தது. அதன் கை என் மகளின் கையில் பாதி இருந்தது.

பொறுப்பாளரிடம் கெஞ்சினேன். பட்டியலில் இல்லாததைக் கொடுத்தால் தான் மறுமொழி சொல்ல வேண்டும் என்றார். சேரின் வரவுக்குக் காத்திருந்தோம். அவருக்குப் பாஸ் கிடைக்கப் பிந்தியது. வந்தவர் நான் சொன்னதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.

"நீங்கள் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே, தங்கச்சி. வழமையா எல்லாம் கேப்பியள்தானே."

பத்து நிமிடத்தில் திருத்திவிட்டார். புதிய பட்டியலில் மற்றத் தாய்மார் வந்திருந்தார்கள். அவள் மட்டும் வரவில்லை. அவளுடைய பிள்ளைக்கு முந்திய வாரம் ஒரு வயது முடிந்திருந்தது. இந்த முறை கணினி சரியாகத்தான் செய்திருந்தது.

எனக்குக் கிடைத்த இரண்டு பைக்கற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவள் கொட்டிலுக்குப் போனேன். அதைச் செய்தது அவளுக்காகவா, எனக்கு நித்திரை வர வேண்டும் என்பதற்காகவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவள் பைக்கற்றை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கையெழுத்து எங்கக்கா வைக்கணும்?"

"தேவையில்லை. இது என்ரை பங்கு."

என் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"வேணாங்கக்கா. பதியாம வாங்கினேன்னு நாளைக்கு அரிசியையும் வெட்டிப்புடுவீங்க."

அப்படி நடக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அலுவலகத்தில் எது நடக்கும், எது நடக்காது என்று அவளுக்கு உறுதி சொல்ல நான் யார்? பைக்கற்றைச் சைக்கிள் கூடையில் போட்டுக்கொண்டு வந்தேன். அடுத்த நாள் காலை அதை உடைத்து, சீனி போட்டுக் குழைத்து என் மகளுக்கு ஊட்டினேன். மிச்சம் வைக்காமல் தின்றாள்.