அண்ணன் கொடுத்த வீடு

இது நடந்தது. நடந்த இடம் மலேசியாவில், மலாக்கா பக்கம் இருக்கும் டுரியான் துங்கால். நடந்தது அனுசியாவுக்கு. இப்போது அவள் இருக்கும் லூபோக் சீனா என்ற ஊரில், வெயில் கொளுத்துகிற காலை நேரத்தில், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் அவள் இதைச் சொன்னாள். வீட்டுக்குள் உட்கார்ந்து சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் சொல்லி முடிக்கும்வரை அவள் கை மடியில் கிடந்த குழந்தையின் காதைப் பொத்தியே இருந்தது.

அப்போது அந்தக் குழந்தை வயிற்றில். ஐந்து மாதம். கணவன் புவனேந்திரன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் ஜொகூர் பக்கம் போய்விடுவான். அவர்கள் குடியிருந்த வீட்டைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அறை அறையாக விடப்போகிறேன், மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்று உரிமையாளர் சொல்லிவிட்டார்.

தேடினார்கள். விளம்பரத்தைப் பார்த்து அனுசியா போன் போடுவாள். மலாயில் பேசுகிறவரை எல்லாம் சுமுகம். பெயரைக் கேட்டதும் மறுமுனையில் குரல் மாறும். பிறகு, வீடு நேற்றே போய்விட்டது என்பார்கள். அதே விளம்பரம் மறுநாளும் இருக்கும். ஒரு ஏஜெண்ட் மட்டும் மனம் கேட்காமல் உண்மையைச் சொன்னான். இந்தியர்களுக்கு வேண்டாம் என்று ஓனர் சொல்லிவிட்டாராம். பெயரைப் பொருட்படுத்தாத வீடுகளின் வாடகை இவர்களுக்கு எட்டவில்லை.

அந்த நேரத்தில்தான் அண்ணன் காந்தன் வந்தான். வங்கி ஏலத்தில் மலிவாகக் கிடைத்தது என்று மூன்றாம் மாடியில் ஒரு பிளாட் வாங்கிப் போட்டிருந்தான். அவனும் மனைவி தேவமலரும் கொஞ்ச நாள் அதில் இருந்துவிட்டு, வேலைக்குத் தூரம் என்று அலோர் காஜாவுக்கு மாறிப்போயிருந்தார்கள்.

"நம்ம வீடு சும்மா கிடக்கு. நீ ஏம்மா ஊர் ஊரா அலையணும்? முடிஞ்சத குடு, போதும்."

அனுசியா அழுதுவிட்டாள். அம்மாவும் போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சமிருந்தது அவன் ஒருவன்தான்.

பால் காய்ச்சிய அன்று தேவமலர் வரவில்லை. காய்ச்சல் என்றான் காந்தன். அவனும் வாசல் படியைத் தாண்டவில்லை. சாவியை வெளியே நின்றபடியே நீட்டினான். பாலையும் நடைபாதையில் நின்றே குடித்தான். செருப்பைக் கழற்றச் சோம்பேறித்தனம் என்று அனுசியா சிரித்தாள்.

பக்கத்து வீட்டு ஜெயமேரி அக்கா கதவைப் பாதி திறந்து பார்த்தார். அவரு உனக்கு என்ன வேணும் என்று கேட்டார். அண்ணன் என்றாள்.

"கூடப் பொறந்த அண்ணனா?"

ஆமாம் என்றதும் அந்த அம்மாள் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. அடுத்த வாரத்திலிருந்து ஒரு சத்தம். மதியம் சாப்பிட்டுப் படுத்தால், சமையலறையிலிருந்து வரும்.

சர்ர்... சர்ர்... டக்.

யாரோ முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம். மேல் வீடாக இருக்கும் என்று நினைத்தாள். ஒருநாள் மேல் வீட்டுக்காரியை மாடிப்படியில் பார்த்துக் கேட்டாள். அவர்கள் மதியத்தில் வீட்டிலேயே இருப்பதில்லையாம்.

சமையலறைத் தரையில் உமி கிடக்க ஆரம்பித்தது. ஒரு சிட்டிகை. கூட்டித் தள்ளினாலும் மறுநாள் அதே இடத்தில் இருக்கும். கடையில் வாங்குகிற பொட்டல அரிசியில் ஏது உமி? புவனேந்திரனிடம் சொன்னாள். எலியாக இருக்கும் என்று சொல்லிவிட்டு அவன் ஜொகூருக்குக் கிளம்பிப் போனான்.

அன்று மதியம் மழை. நல்ல மழை. ஹாலில் பாய் விரித்துப் படுத்தவள் கண் அசந்துவிட்டாள்.

சர்ர்... சர்ர்... டக்.

சர்ர்...

சத்தம் பாதியில் நின்றது.

"அனுசியா..."

பெண் குரல். வீட்டு மனுஷி வேலைக்கு நடுவே கூப்பிடுவதுபோல, சாதாரணமாக. அரைத் தூக்கத்தில் அவளும் பதில் சொல்லிவிட்டாள்.

"ஆங்... வர்றேன்."

எழுந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வீட்டில் யாரும் இல்லை.

மழைச் சத்தம் மட்டும். சமையலறை வாசலில் தொங்கிய திரை அசையவில்லை. அதன் கீழே, தரையோடு தரையாக, உமி வெளியே பரவிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. ஆனாலும் பரவியது... பாயை நோக்கி.

"அனுசியா... பூராடம்."

அவளுடைய உண்மையான நட்சத்திரம். அந்த நட்சத்திரம் வெளியில் யாருக்கும் தெரியாது. பூராடம் பெண்ணுக்கு ஆகாது என்று இரண்டு வரன் தட்டிப்போன பிறகு, உத்திராடம் என்று மாற்றிச் சொல்லித்தான் அம்மா கல்யாணத்தை முடித்தாள். புவனேந்திரனுக்கே தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். அம்மா செத்துப்போய்விட்டாள்.

இன்னொருவன் காந்தன்.

திரைக்குப் பின்னால் யாரோ முறத்தைக் கீழே வைத்தார்கள்.

டக்.

"வயித்துல இருக்கறதுக்கு... என்ன நட்சத்திரம்?"

குரல் இப்போது திரைக்கு இந்தப் பக்கம்.

அவள் ஓடினாள்.

தாழ்ப்பாள் வரவில்லை. இழுத்தாள். வரவில்லை. முதுகுக்குப் பின்னால் உமி மிதிபடுகிற சத்தம்.

நறுக்...

நறுக்...

கழுத்தில் மூச்சு.

தாழ்ப்பாள் விலகியது.

ஜெயமேரி அக்கா வீட்டுக் கதவை இரண்டு கையாலும் தட்டியது நினைவிருக்கிறது என்றாள். அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, தலையில் கைவைத்து ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அங்கிருந்து அவருடைய போனில் அண்ணனை அழைத்தாள். வீட்டுக்குள் ஏதோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அண்ணே என்றாள். என்ன ஆச்சு, நீ நல்லா இருக்கியா, பிள்ளை நல்லா இருக்கா... அப்படி எதையும் காந்தன் கேட்கவில்லை.

"நீ பதில் சொன்னியா?"

அவ்வளவுதான் கேட்டான்.

அனுசியா போனை வைத்துவிட்டாள். அந்தக் குரலைவிட அண்ணன் குரலைத்தான் தாங்க முடியவில்லை என்றாள். ஏனென்றால் அந்தக் கேள்வியில் பயம் இல்லை. எதிர்பார்ப்பு இருந்தது.

புவனேந்திரன் பாதி வழியில் லாரியைத் திருப்பிக்கொண்டு வந்தான். சாமான்களை எடுக்க அவன்தான் உள்ளே போனான். அவன் கண்ணில் எதுவும் படவில்லை. உமிகூட. அன்று மாலையே லூபோக் சீனாவில் அவன் சித்தி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். காந்தன் அதற்கப்புறம் பலமுறை அழைத்தான். அவள் எடுக்கவில்லை.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பெண். அதன் நட்சத்திரத்தை அனுசியா யாரிடமும் சொன்னதில்லை. ஜாதகமும் எழுதவில்லை.

போன மாதம் மலாக்கா பேரங்காடி ஒன்றில் ஜெயமேரி அக்காவைத் தற்செயலாகப் பார்த்தாள். அந்த அம்மாள் குழந்தையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முன்பே சொல்லியிருக்க வேண்டும், கூடப் பிறந்தவன் என்றாய், சொன்னால் நம்புவாயா என்று வாய் வரவில்லை என்றார். இவள் குடிவருவதற்கு ஒரு வாரம் முன்பு காந்தன் தனியாக வந்திருக்கிறான். சுவர் மெல்லிசு. உள்ளே பேசினது எல்லாம் கேட்டிருக்கிறது.

"'தேவமலர விட்டுடு, அவளுக்குப் பதிலா ஆள் தர்றேன்'னாரு. அப்பறம் உன் பேரச் சொன்னாரு. நட்சத்திரம் சொன்னாரு. ஏதோ சாமி கும்பிடறாருன்னுதான் நான் நெனச்சேன்."

பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு அவன் கீழே இறங்கி, காரில் ஏறிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்.

"அவரு போன பெறகுதான்மா ஆரம்பிச்சது. பூட்டின வீட்டுக்குள்ள ஒரு பொம்பள குரல். உன் பேரு, நட்சத்திரம்... உன் பேரு, நட்சத்திரம்... ராத்திரி பகல்னு இல்ல. மனப்பாடம் பண்ற மாதிரி."

அனுசியா குழந்தையின் காதைப் பொத்தினாள். அந்த அம்மாளே சொல்லி முடித்தார்.

"நீ பால் காய்ச்சின அன்னிக்குத்தான் நிறுத்துச்சு."