உப்புக்கு அடியில் இல்லாத மேடு

நிலத்துக்குள் ஒலியலை அனுப்பி, திரும்பி வருவதை வைத்துக் கணினியில் படம் வரைந்து எண்ணெய் தேடுவது எங்கள் வேலை. உப்புப் பாறைக்குள் ஒலியலை வேகமாக ஓடும். அந்த உப்பின் அடிப்பரப்பை இருக்க வேண்டியதைவிட மேலே வரைந்துவிட்டால், அதற்குக் கீழே இல்லாத மேடு ஒன்று படத்தில் எழும்பும். எண்ணெய் அங்கே தேங்கியிருக்கும் என்று ஆசைகாட்டும். அப்படி ஒரு மேட்டை நம்பி, எங்கள் பெங்களூரு அலுவலகத்தின் குழுத்தலைவர் கிணறு தோண்டப் பரிந்துரை எழுதினார். உப்பின் அடிக்கோட்டை இறக்கிக் கணினியில் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று குழுக் கூட்டத்தில் சொன்னேன்.

“குழந்தை பொறந்ததுல இருந்து உங்களுக்கு எல்லாத்துலயும் டவுட் தாம்மா,” என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று காலையும் ஜோகுபாளையம் வீட்டுக் கதவைப் பூட்டியபின் திரும்பிப் போய் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். அவர் சொல்வது சரிதானோ என்று, அறிக்கையில் என் சந்தேகத்தை எழுதியிருந்த பத்தியை நானே அழித்தேன்.

அடுத்த வாரம் எங்கள் வாடிக்கையாளரான எண்ணெய் நிறுவனம் கேட்டதால் கோட்டை இறக்கி ஓட்டினோம். மேடு தட்டையாகிவிட்டது.

“நீங்க அன்னைக்கே அழுத்திச் சொல்லியிருக்கணும்மா,” என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி அவர்மேல், பாதி கூடச் சிரித்த என்மேல். அழித்த பத்தி பழைய கோப்பில் இருந்தது. அதைத் தேதியோடு எடுத்து, அன்று சிரித்த அத்தனை பேருக்கும் அனுப்பிவிட்டு மகளைக் கூட்டிவரக் கிளம்பினேன். அனுப்பியதைத் திறந்து சரிபார்க்கவில்லை.