பாட்டிலின் அடியில் கிடந்த கால்

நாற்பத்தொன்றாவது வயதில் ஒரு புதுப் பேரினத்துக்கே பெயர் வைத்தவள் அவள். ஒரு வருடம் ஆவதற்குள் அதை அவள் கையாலேயே அழிக்க வேண்டியதாயிற்று.

அருங்காட்சியகத்தில் அவள் ஆராய்வது நெட்டைக்கால் பூச்சிகளை. பார்க்கச் சிலந்தி மாதிரி இருக்கும். சிலந்தி இல்லை, வலை பின்னத் தெரியாது. பிடித்தால் காலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடப் பார்க்கும். அதனால் ஆல்கஹால் பாட்டில்களின் அடியில் யாருடையது என்றே தெரியாத கால்கள் எப்போதும் கிடக்கும்.

அவள் கண்டெடுத்த புது இனத்துக்குப் பின்னங்கால் இரண்டும் இல்லை. பாட்டிலடியில் ஒன்று கிடந்தது, அளவும் பொருந்தியது. அதன் பாதத்தில் ஏழு கணு. சொந்தக்காரப் பூச்சிகளுக்கெல்லாம் ஆறுதான். ஏழு என்றால் வெறும் புது இனம் இல்லை, நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் கூட்டமே புதிது: தனிப் பேரினம். ‘கால் உதிர்ந்து கிடந்தது’ என்று கட்டுரையில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

பேரினத்துக்கு மாமனார் பெயரை வைத்தாள். அவள் நுண்ணோக்கியே கதி என்று கிடந்த வருடங்களில் பேத்திக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சலூனில் முடிவெட்ட வந்தவர்களிடமெல்லாம் விஷயத்தைச் சொல்லித் தீர்த்தார்.

போன வாரம், முதல் பூச்சி கிடைத்த அதே பாறை இடுக்கிலிருந்து, அதே இனத்தில், எட்டுக் காலும் முழுசாக ஒரு பூச்சி வந்தது. எண்ணினாள். ஆறு கணு.

“யாரு மேடம் எண்ணப் போறா?” என்றார் பக்கத்து மேஜைக்காரர். “உலகத்துலயே இதைப் படிக்கிறவங்க பத்துப் பதினஞ்சு பேரு. அதுல பாதி உங்க மேல பொறாமையில இருக்கு.”

“அவங்கதான் சார் முதல்ல எண்ணுவாங்க.”

சொல்லிவிட்டாளே தவிர, காது சுட்டது. எண்ணுவார்கள் என்பதா இப்போது பிரச்சினை?

வீட்டில் மாமனார் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

“மாமா, உங்க பேரு வச்ச பூச்சி...”

“செத்துப் போச்சா?”

“அது எப்பவோ செத்தது. வேற பூச்சியோட காலை இதோடதுன்னு எழுதிட்டேன். இனம் புதுசுதான், ஆனா பழைய கூட்டத்துலயே ஒண்ணு. உங்க பேரு நிக்காது.”

“தெரியாம செஞ்சதுதானேம்மா?”

தலையாட்டியிருந்தால் போதும். முடியவில்லை. “சந்தேகம் இருந்துச்சு மாமா. எழுதாம விட்டுட்டேன்.”

பாத்திரத்தில் பட்டாணி விழும் சத்தம் நின்றது.

“சரி, எழுத வேண்டியதை நீ எழுது. சலூன்காரன்கிட்ட நான் சொல்லிக்கறேன்” என்று எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் தெருவில் இறங்கியதை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

திருத்தக் கட்டுரை அடுத்த இதழில் வருகிறது. இனம் பழைய பேரினத்தில் சேர்கிறது. ஆனால் ஒருமுறை அச்சேறிவிட்டதால், பெயர்சூட்டும் விதிப்படி, அவர் பெயரில் அமைந்த அந்தச் சொல்லை இனி வேறு எந்த விலங்குப் பேரினத்துக்கும் வைக்க முடியாது.