பெண் பார்க்கப் போன வாந்தி மாத்திரை

எங்கள் அக்கா சோலையம்மாளுக்கு அகரத்தில் அரை ஏக்கர் தென்னையும், ஊர் முழுக்க வைத்தியமும் உண்டு. படிப்பு ஐந்தாம் வகுப்பு. யாருக்கு எந்த டாக்டர் எதை எழுதிக் கொடுத்தாலும் மிச்சம் அக்காவின் கைப்பைக்கு வந்துவிடும். மஞ்சள் மாத்திரை முட்டிக்கு, ரோஸ் மாத்திரை மனக்கஷ்டத்துக்கு என்று நிறத்தைப் பார்த்தே கொடுப்பாள். தனக்குக் கிடைத்ததைப் பங்கு வைக்காமல் வாயில் போடமாட்டாள். முறுக்குக்குச் சரி, மாத்திரைக்கும் அதே தர்மம் என்றால் தொல்லைதானே? சொன்னால் கேட்கிற பிறவியும் இல்லை.

அவளுக்கு இருந்த ஒரே கவலை மகன் பிரபு. வயது முப்பத்து நாலு. பத்துப் பெண் பார்த்தும் அமையவில்லை. பதினோராவதாகச் சிறுமலையில் சத்யபிரியா வாய்த்தாள். ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். ஜாதகமும் பொருந்திவிட்டது.

"இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் காசிக்குப் போயிருவேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

சிறுமலைக்குப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். நாங்களோ பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸைப் பார்த்தாலே குமட்டுகிற குடும்பம். பட்டுவேட்டியில் வாந்தியோடு போய் இறங்கினால் என்ன மரியாதை? அக்காவிடம் அதற்கும் வழி இருந்தது. போன வாரம்தான் அவளுடைய தலைச்சுற்றலுக்கும் வாந்திக்கும் ஒரு டாக்டர் மாத்திரை எழுதியிருந்தார், ராத்திரி படுக்கும்போது ஒன்று என்று. திண்டுக்கல் தாண்டியதும் வேனுக்குள் அந்த அட்டையை வெளியே எடுத்தாள்.

"அக்கா, இது ஒனக்கு எழுதுனதுல்ல?"

"ஏலே, ஒரே ரத்தம். எனக்குக் கேக்குறது ஒனக்குக் கேக்காதா?"

அத்தான் சடையாண்டிக்கு ஒன்று. எனக்கு ஒன்று, கசந்ததால் பாதியைத் துப்பிவிட்டேன். பிரபுவுக்கு, மாப்பிள்ளை என்பதால், இரண்டு. அவன் காலையில் சளிக்கு வேறு மருந்து குடித்திருந்தான், அதை யாரும் நினைக்கவில்லை. தானும் ஒன்று போட்டுக்கொண்டு டிரைவர் அயாஸிடம் நீட்டினாள். அவன் கும்பிட்டுவிட்டான்.

"வேணாம் ஆத்தா. ஸ்டியரிங் பிடிக்கிறவன், டாக்டரக் கேக்காம எதையும் வாயில போட மாட்டேன்."

"பெரிய கலெக்டரு" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆறாவது வளைவில் அத்தான் சாய்ந்தார், ஒன்பதாவதில் பிரபு, பத்தாவதில் நான். ஒருவருக்கும் வாந்தி வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பெண் வீட்டு வாசலில் வேன் நின்றது. யாரும் இறங்கவில்லை. பெண்ணின் அப்பா வேலுசாமி எட்டிப் பார்த்து, "வர்ற வழியில ஏதும் கெட்ட சேதியா?" என்று மெல்லக் கேட்டார். அயாஸ்தான் எங்களைக் கைத்தாங்கலாக இறக்கி, வரிசையாக உட்கார வைத்து, மாப்பிள்ளை வீட்டார் சார்பில் பேச்சையும் நடத்தினான். "தங்கமான மனுசன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு." பிரபு குறட்டை விட்டான். நான் பாதி மாத்திரைக்காரன் என்பதால் இதையெல்லாம் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு ஒரு வாரமாகப் பழகிய மாத்திரை. தலையை ஆட்டி ஆட்டிச் சமாளித்தாள்.

சத்யபிரியா காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளை கையை நீட்டவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு அவன் நாடியைப் பிடித்தாள், கன்னத்தில் தட்டினாள்.

"என்ன குடுத்தீங்க? எத்தன? வேற மருந்து ஏதும் சாப்ட்டாரா?"

அயாஸ் அட்டையைக் கொடுத்தான். நான் நாக்குக் குழற, "ரெண்டு... காலைல சளி மருந்து" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"ரெண்டுமே தூக்கம் குடுக்குற மருந்து. சேந்தா மூச்சே மந்தமாயிரும். ஒருத்தருக்கு எழுதுனத ஊருக்கே குடுப்பாங்களா?"

அக்காவின் தூக்கம் பறந்தது. "எம்புள்ளைக்கு என்னாத்தா ஆச்சு? நானே எங்கையால..." மேலே சொல்ல முடியாமல் அழுதாள். எங்கள் அம்மா செத்தபோதுகூட அவள் இப்படி அழவில்லை.

சத்யபிரியா டாக்டருக்குப் போன் போட்டாள். தட்டினால் பதில் சொல்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார் அவர். பதில் இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். அயாஸ் வேனைத் திருப்பி நிறுத்தினான். அவள் பிரபுவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து மூச்சை எண்ணினாள். தட்டும்போதெல்லாம் அவன் "ம்" என்றான். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

"சிஸ்டர், என் டோக்கன் வந்துருச்சா?"

அயாஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேலுசாமி மட்டும் சிரிக்கவில்லை. இந்தச் சம்பந்தமும் தட்டிப்போச்சு, அக்காவுக்குக் காசிதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அக்கா அந்த அட்டையை இரண்டு கையாலும் எடுத்து சத்யபிரியாவிடம் நீட்டினாள்.

"ஆத்தா, இத நான் இன்னிக்கு ராத்திரி போடலாமா?"

முப்பது வருஷத்தில் அவள் ஒரு மாத்திரையைப் பற்றி இன்னொருவரிடம் கேட்டு நான் கண்டதில்லை. சத்யபிரியா அட்டையைப் பார்த்தாள். கீழே கிடந்தவனையும் ஒருதரம் பார்த்தாள்.

"வேன்லயே ஒண்ணு போட்டுட்டீங்கள்ல. இனி நாளைக்கு ராத்திரிதான், அத்தை."

அந்தக் கடைசிச் சொல்லுக்கு அத்தான் சடையாண்டியே விழித்துக்கொண்டார்.