மண் தின்ற மாதங்கள்

எனக்குச் சோறு பிடிக்கவில்லை, மீன் பிடிக்கவில்லை, மண் பிடித்தது. நாங்கள் கப்பல் ஏறிப் பிழைக்க வந்த பிரிக்பீல்ட்ஸில் அப்போது செங்கல் சூளைகள் இருந்தன. ரயில்வே ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயன் வீட்டிலிருந்து தண்ணீர் பிடிக்கப் போகும் வழியில், அறுத்துக் காயவைத்த சுடாத பச்சைச் செங்கல்லின் ஓரத்தைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு வருவேன். மழை பெய்து மண் வாசம் கிளம்பினால் வாயில் எச்சில் ஊறும். அசிங்கம் என்று தெரியும். தெரிந்து என்ன செய்வது, கை தானாகப் போகிறதே.

ஒரு நாள் நாத்தனார் பார்த்துவிட்டாள். என் வீட்டுக்காரரின் அக்கா; புருஷன் செத்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் எனக்குப் பிள்ளை இல்லை என்று, தம்பிக்குக் கிள்ளானில் வேறு பெண் பார்த்து வைத்திருந்தாள். அதை என்னிடம் மறைக்கவும் இல்லை, அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள். அப்படிப்பட்டவள் என் வாயோரத்துச் செம்மண்ணைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மசக்கைக்காரிதான் மண் தின்பாள் என்பது எங்கள் ஆட்களுக்கு வேதவாக்கு. எனக்குத் தீட்டும் நின்று போயிருந்தது. பிறகு யார் சந்தேகப்படுவார்கள்? நானே சந்தேகப்படவில்லை.

அன்றோடு கிள்ளான் பெண்ணின் பேச்சு அடங்கியது. என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். என் வீட்டுக்காரர் தண்டவாளம் போடும் கூட்டத்தில் வேலை பார்த்தார். சாயங்காலம் திரும்பும்போது சூளைக்காரரிடம் கேட்டு, கல் இல்லாத நல்ல மண்ணாகப் பார்த்து, வாழையிலையில் மடித்துக் கொண்டு வந்து கொடுப்பார். நான் தின்று முடிக்கிற வரைக்கும் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஊமை மாதிரி இருந்த மனிதர், என் வயிற்றைப் பார்த்து ரயில் கதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்.

என் முகம் வெளுத்தது. கால் வீங்கியது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. எல்லாம் பிள்ளைத்தாய்ச்சிக்கு வருவதுதான் என்றார்கள். வயிறும் பெரிதானது. ஏழாம் மாதம் என்று கணக்குப் போட்டு வளைகாப்பு நடத்தி, லயன் பெண்கள் எல்லாரும் வந்து வளையல் போட்டார்கள். பிள்ளை உதைக்கவில்லையே என்று நான் கேட்டதற்கு, பெண் பிள்ளை அடக்கமாகத்தான் இருக்கும் என்றாள் நாத்தனார். நானும் அதை நம்பி, அந்த அடக்கமான பெண்ணுக்கு ஒரு பேரும் மனசுக்குள் வைத்துவிட்டேன்.

குழாயடியில் மயங்கி விழுந்த அன்றுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். மலத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு டாக்டருக்கு உதவியாக இருந்த டிரெஸ்ஸர், நம் தமிழ் ஆள்தான், என் வீட்டுக்காரரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"வயித்துல புள்ள இல்லப்பா. தண்ணிதான் சேர்ந்திருக்கு. கொக்கிப் புழு ரத்தத்தக் குடிச்சிருச்சு. ரத்தம் கொறைஞ்சா சில பேருக்கு மண்ணு திங்கத் தோணும்."

தீட்டு நின்றதும் அதனால்தானாம். லயனுக்குப் பின்னால் வெறுங்காலோடு கீரைப் பாத்தியில் நின்றேனே, புழு அப்படித்தான் பாதத்தின் வழியாக ஏறியதாம். நான் மேலே கூரையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

மறுநாள் நாத்தனார் வந்தாள். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, மண்ணைத் தின்று குடும்பத்தையே ஏமாற்றிவிட்டேன் என்று வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி பேசினாள். கிள்ளானுக்கு ஆள் அனுப்பப் போகிறாளாம். என்னைக் கப்பல் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட வேண்டுமாம். எனக்குப் பதில் பேசத் தெம்பு இல்லை. இருந்திருந்தால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாள். என் வீட்டுக்காரர் சன்னலோரம் நின்றிருந்தார்.

"மண்ண கொண்டாந்து குடுத்தது நான். என்னையும் சேத்துக் கப்பல் ஏத்து, அக்கா," என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கிள்ளான் பெண்ணைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

நாற்றமடிக்கும் ஓர் எண்ணெய் மருந்து, பேதி உப்பு, பிறகு தினமும் இரும்பு மருந்து. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நல்ல மழை ஒன்று பெய்தது. சன்னல் வழியாக மண் வாசம் வந்தது. என் வாயில் எச்சில் ஊறவில்லை. எனக்குத் திக்கென்றது. என் ஆசை, என் கெட்ட பழக்கம் என்று இத்தனை நாள் நான் வெட்கப்பட்டது என்னுடையதே இல்லை. சோம்பேறி என்றும் சிடுமூஞ்சி என்றும் பேர் வாங்கியிருந்தேன். ரத்தம் ஊற ஊற அந்த இரண்டும் பாதி குறைந்தன. என் குணம் என்று நினைத்ததில் எது நான், எது புழு என்று யோசித்துக்கொண்டே படுத்திருப்பேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டிரெஸ்ஸரிடம் கேட்டேன். "மண்ணு ஆசை போயிருச்சுங்கய்யா. இந்தப் புள்ள நெனப்பு எப்பப் போகும்?"

அவர் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு, "அதுக்கு மருந்து இல்லம்மா," என்றார்.

பிள்ளை செத்துப் பிறந்திருந்தால்கூட நாலு பெண்கள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு யாரும் வரவில்லை. எல்லாரும் புழு போய்விட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். நான் மனசுக்குள் பேர் வைத்திருந்த அந்தப் பெண் பிள்ளைக்காகப் பல நாள் அழுதேன்.