சோடா ஊற்றிய பர்கண்டி

ஊரில் நடப்பதைத் தேதி போட்டு எழுதிவைப்பது என் பழக்கம். சென்ற பொங்கலுக்கு மறுநாள் அக்கராயனில் எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் கோபம் ஆறாமல்தான் எழுதுகிறேன்.

பிரான்சிலிருந்து வந்த தம்பி ஒரு போத்தல் சிவப்பு வைன் கொண்டுவந்திருந்தான். 2021இல், வைனுக்குப் பேர்போன பர்கண்டிப் பகுதியின் தோட்டமொன்றில் அவன் கூலிக்குப் பிடுங்கிய திராட்சையில் செய்தது. அந்த வருடம் அங்கே உறைபனி துளிரைக் கருக்கியது. கோடையிலும் குளிர், மழை.

லண்டனிலிருந்து அக்காவுடன் வந்திருந்த அத்தான் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார்.

"புளிச்ச தண்ணி. விளைச்சல் பிழைச்ச வருசத்துச் சாமானை உன்ர தலையில கட்டிப்போட்டாங்கள்."

சொல்லிக்கொண்டே எல்லோருடைய கிளாசிலும் சோடாவை ஊற்றினார். நான் என் கிளாசைக் கையால் மூடிக்கொண்டேன். தம்பி தலைகுனிந்திருந்தான்.

ஆத்திரத்தை அடக்கி, மெதுவாகக் குடித்தேன். நிறம் வெளிறல்தான். முதலில் புளிப்பு தாடையைப் பிடித்தது. சற்றுப் பொறுத்ததும் நாவற்பழத்தின் துவர்ப்பும் ஈரமண் வாசனையும் வந்தன. மெலிந்த வைன், ஆனால் கெட்டதல்ல.

"அழுகினதை வெட்டி எறிஞ்சு, மிச்சத்தைத்தான் எடுத்தனாங்கள் அண்ணை," என்றான் தம்பி. "விரலெல்லாம் விறைச்சுப்போகும்."

"கிளாசை வையுங்கோ அத்தான். இது உங்களுக்கில்லை," என்றேன்.

"நீர் எப்ப வைன் படிச்சனீர்?"

"வைன் படிக்கேல்லை. இவனைத் தெரியும்."

அத்தான் அன்று மாலையே அக்காவுடன் புறப்பட்டார். நான் மறிக்கவில்லை. மோசமான வருடம் என்று இப்போது யார் சொன்னாலும், அந்த வருடம் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.