அம்மாவை எடை போட்ட நாட்கள்

மாதம் பிறந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தறிப்பட்டறையில் அம்மாவை எடை போடுவார்கள்.

வெண்ணந்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கமே விசைத்தறிப் பட்டறை இருந்தது. நூல் மூட்டைகளை நிறுப்பதற்காக அப்பா வாங்கிய மின்தராசு அதன் வாசலோரம் கிடக்கும். அம்மா செருப்பைக் கழற்றி, கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு அதன்மேல் ஏறி நிற்பாள். அப்பா குனிந்து எண்ணைப் படிப்பார். தறி ஓட்டும் அண்ணன் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். காது மட்டும் இந்தப் பக்கம் இருக்கும்.

அம்மா கொஞ்சம் பெரிய உடம்புக்காரி. முட்டி வலிக்கிறது என்று அவள் சொன்ன நாளிலிருந்து, எதிர்வீட்டில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அவளை இளைக்க வைப்பதை ஒரு பொறுப்பாக எடுத்துக்கொண்டார். காலையில் கொள்ளுத் தண்ணீர், மதியம் ஒரு கரண்டிச் சோறு, இரவில் வெள்ளரிக்காய் என்று சாப்பாட்டை முடிவு செய்ததும் அவர்தான். அம்மா அதைப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையைப் போல அப்படியே கடைப்பிடித்தாள்.

முதலில் எடை மளமளவென்று இறங்கியது. அப்பாவுக்கு ஒரே பெருமை. "ஒரு பெட்டி நூலு கொறைஞ்சிருக்குது பாரு" என்று தறி அண்ணனிடம் சொன்னார். தம்மம்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சொந்தக்காரப் பெண்கள் அம்மாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அம்மா பழைய ரவிக்கைகளை எல்லாம் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எடை நின்றது. நின்றது மெல்ல ஏற ஆரம்பித்தது.

அப்பா கெட்டவர் இல்லை. நிறுத்துப் போட்ட நூல் குறைந்தால் எங்கோ போயிருக்கிறது, கூடினால் எங்கிருந்தோ வந்திருக்கிறது என்பது அவர் தொழில். அதே கணக்கை அம்மாவிடமும் போட்டார். அத்தையோ கணக்கே போடவில்லை. "தெரியாமத் திங்கறா தம்பி, வேற எப்புடி ஏறும்?" என்று நேராகச் சொல்லிவிட்டார். மறுநாளே எங்கள் வீட்டு முறுக்கு டின் எதிர்வீட்டுக்குக் குடிபோனது. அதன்பிறகு சாப்பிட உட்கார்ந்தால் அம்மா தட்டைப் பார்ப்பதைவிட எங்கள் முகங்களைத்தான் அதிகம் பார்த்தாள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. முழுப் பரீட்சை லீவு விட்டிருந்தது. அம்மா திருடித் தின்னவில்லை என்று நிரூபிப்பதே அந்த லீவுக்கு என் வேலை என்று முடிவு செய்தேன். அவள் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை பின்னாலேயே திரிந்தேன். மளிகைக்கடைக்கு, மாவு மில்லுக்கு, துணி துவைக்கும் கல்லுக்கு. "என்ன சாமி, வாலு மாதிரி?" என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

அம்மா எதையும் திருடித் தின்னவில்லை. ஆனால் வேறு சிலதைப் பார்த்தேன். நான் பக்கத்து வீட்டில் பிறந்தநாளுக்குப் போய்விட்டு வந்தால், அங்கே என்ன போட்டார்கள், கேசரியில் முந்திரி இருந்ததா, நெய் வாசம் வந்ததா என்று விசாரித்துக்கொண்டே இருப்பாள். பேக்கரியைத் தாண்டும்போது அவள் நடை தானாக மெதுவாகும். சித்திரை வெயிலில் ஊரே விசிறியடியில் கிடக்க, அவள் குளிர்கிறது என்று துண்டைப் போர்த்திக்கொள்வாள். முன்பெல்லாம் ஒரு நிமிடம் உட்காராதவள், இப்போது நூல் மூட்டைமேல் சாய்ந்தால் எழுந்திருக்கவே யோசித்தாள். இதை வைத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முறுக்கைப் பற்றித்தான் வழக்கே நடந்தது, குளிரைப் பற்றி இல்லை.

அந்த மாதம் எடை போடவேண்டிய நாள் வந்தது. அம்மா முந்தைய நாள் மதியத்திலிருந்தே ஒன்றும் சாப்பிடவில்லை. தராசை நோக்கி நடந்து வந்தவள், ஓடிக்கொண்டிருந்த தறிக்குப் பக்கத்தில் அப்படியே சரிந்தாள். நெற்றி இரும்புச் சட்டத்தில் மோதியது. முந்தானை தறியைச் சுழற்றும் பெல்ட்டுப் பக்கம் விழுந்தது. தறி அண்ணன் பாய்ந்து சுவிட்சைத் தட்டிவிட்டார். பட்டறையில் சத்தம் நின்றபோது என் அழுகை மட்டும் கேட்டது.

ராசிபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனோம். உயிருக்கு ஒன்றும் இல்லை, எலும்பிலும் அடியில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். தையல் போட்டு முடித்துவிட்டு, என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார். அம்மா சொன்னாள். கூட வந்திருந்த அத்தை, "சொல்றது அப்புடித்தானுங்க. மறைவா என்ன திங்கறாளோ, எட ஏறிட்டே போவுது" என்றார்.

"அம்மா திங்கலீங்க" என்றேன். "லீவு பூரா நான் கூடவேதான் இருந்தேன். எந்நேரமும் குளுருது, அசதியா இருக்குதுங்குது. சாப்பாட்டப் பத்தியே பேசுது."

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு சரியாத்தாங்க பாத்திருக்குது. இவங்க ஒல்லியாகணும்னு நெனைக்கறது மூளைக்குத் தெரியாது. பஞ்சம் வந்துருச்சுன்னு அது பயந்துக்குது. பசியக் கூட்டிவிடும். எந்நேரமும் சோத்து நெனப்பாவே இருக்கும். ஒடம்பு செலவு பண்றதையும் கொறைச்சிரும், அதான் குளிரும் அசதியும். தட்டுல ஒரு கை கூட விழுந்தா விழறது அவங்களுக்கே தெரியாது. இது திருட்டும் இல்லீங்க, மனசுல உறுதி இல்லாததும் இல்ல. இவங்களோட மூளையே எதிர்ல நின்னு இழுக்கறப்ப இத்தன மாசம் தாக்குப் புடிச்சிருக்காங்க."

அத்தை கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினார்.

"அப்ப என்னங்க பண்றது?" என்று அப்பா கேட்டார்.

"மூளையப் பயமுறுத்தாமப் போகணும். மூணு வேளையும் சாப்பிடட்டும், பருப்பு, முட்ட, கீரை எல்லாம் இருக்கணும். நல்லாத் தூங்கட்டும். தினமும் நடக்கட்டும், தொணைக்கு நீங்களும் போங்க. எட மெதுவாத்தான் எறங்கும், அதுவும் கொஞ்சந்தான் எறங்கும். ஆனா எறங்குனது மறுபடி ஏறாம நிக்கும். மாசாமாசம் நிறுத்துப் பாக்கற வேலைய விட்ருங்க."

அப்படியேதான் நடந்தது. அம்மா ஒல்லியாகவில்லை. ஆனால் முட்டி வலி குறைந்தது. அப்பாவும் அம்மாவும் ஏரிக்கரைப் பக்கம் நடக்கப் போவது வழக்கமாகி, இன்றுவரை நிற்கவில்லை. இப்போது அப்பாவுக்குத்தான் மூச்சு வாங்குகிறது. அம்மா முன்னால் போய் நின்று திரும்பிப் பார்ப்பாள். முறுக்கு டின்னை அத்தை தானாகவே கொண்டுவந்து வைத்தார். அதில் புதிதாகச் சுட்ட முறுக்கு இருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாயில் வராது.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றைய மாலைதான். அம்மா கட்டிலில் சாய்ந்து, தட்டு நிறைய ரசம் சோறு சாப்பிட்டாள், யார் முகத்தையும் பார்க்காமல். பிறகு இளம்பிள்ளையில் இருந்த பெரியம்மாவுக்குப் போன் போட்டாள். விழுந்ததைக் கேட்டுப் பெரியம்மா அந்தப் பக்கம் அழுவது எனக்கே கேட்டது.

"அடி கெடக்குது உடு அக்கா. டாக்டரு என்ன சொன்னாங்க தெரியுமா? எம்மேல தப்பில்லையாம். இவரும் நாத்தனாரும் பக்கத்துல இருக்கறப்பவே சொன்னாங்க."

அதை முடித்துவிட்டு மாமாவுக்குப் போட்டாள். பிறகு கூடப் படித்த சிநேகிதிக்கு. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் சின்னப் பெண்ணின் குரல்போல் ஆகிக்கொண்டே வந்தது. நான் அவள் காலடியில் உட்கார்ந்து, நெற்றியில் இத்தனை பெரிய கட்டோடு வந்தவள் ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் பட்ட அடியால் அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று, அப்பாவிடம் போய் மெதுவாகக் கேட்கவும் செய்தேன். அப்பா வாசலுக்கு எழுந்து போய், வெகுநேரம் அங்கேயே நின்றார்.